குப்புற விழுந்த வீடு

கல்லுப்பொட்டல் நகர்ல பதினாலாம் நம்பர் பிளாட்டுல இருந்த முனீஸ்வரி வீடு, ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம், தெருவே சோறு வடிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, குப்புற விழுந்துச்சு. இடிஞ்சு விழுகல, அத மொதல்ல காதுல வாங்கிக்கங்க. இடிஞ்சு விழுகுறது வேற, குப்புற விழுகுறது வேற. மெதுவா ஒரு பக்கமா ஒருக்களிச்சு, அந்தப் பக்கத்துச் செவத்துல கொஞ்ச நேரம் படுத்து யோசிச்சு, மூச்ச இழுத்துப் பிடிச்சு ஒரு முக்கு முக்கி, மொட்டமாடி தரையில இருக்க, அஸ்திவாரம் ஆகாசத்தப் பாக்க, ஒரு செங்கல் உதிராம, ஒரு கண்ணாடி விரியாம, தொப்புனு விழுந்துச்சு. விழுந்துட்டு, திரும்ப மல்லாக்கப் படுக்கத் தெரியாம, மாடித் தொட்டித் தண்ணியெல்லாம் சன்னல் வழியா ஒழுக, அழுக ஆரம்பிச்சுச்சு.

முனீஸ்வரி அப்ப இடுப்புல பிள்ளையோட தெருக்கொழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தா. தெரு மொத்தமும் “ஏன் விழுந்துச்சு, எப்பிடி விழுந்துச்சு”ன்னு ஓடுது. அவ மட்டும் ஓடல. ஏன்னா அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

அந்தத் தெருவுல ஒரு வழக்கம். பிள்ள குப்புற விழுந்தா கொழுக்கட்ட, உக்காந்தா பணியாரம், தவுந்தா சுண்டலு, எட்டு வச்சா அதிரசம். வசதி இருந்தா, உருண்டு வாசப்படி தாண்டுனதுக்கும் ஒரு பாயாசம். செஞ்சு வீடு தவறாமக் குடுக்கணும். குடுத்துட்டா அந்தப் பிள்ள அதச் செஞ்சிருச்சுன்னு தெருவே சாட்சி. யாரும் போய் பிள்ளையப் பாக்க மாட்டாங்க. வாயில கொழுக்கட்ட கெடக்கு, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

முனீஸ்வரி மக தன்ஷிகா பொறந்த அன்னைக்குத்தான் அந்த வீட்டுக்குப் பால் காச்சுனது. அடுப்புல பாலு பொங்குச்சு, இங்க பனிக்குடம் ஒடஞ்சுச்சு. ஆக வீட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரே வயசு. முனீஸ்வரி புருசன் இருளப்பன் கம்பி கட்டுற வேல. ஊருக்கெல்லாம் “காங்கிரீட்டு பச்சப் பிள்ள மாதிரிண்ணே, இருவத்தோரு நாளு தண்ணி காட்டணும்”னு சொல்றவரு, சொந்த வீட்டுக்குப் பன்னெண்டாம் நாளே முட்டுப் பலகையப் பிரிச்சுட்டாரு. மாடிக்கு மேல நாளைக்கு இன்னொரு மாடி எடுக்கலாம்னு நாலு மூலையிலயும் கம்பிய வேற நீட்டி விட்டுருந்தாரு, மொளச்ச பல்லு மாதிரி.

எதுத்த வீட்டுப் பாண்டிச்செல்விக்கு ஒரு பையன், லோகித்து. தன்ஷிகாவுக்கு ரெண்டு வாரம் எளையவன். நாலாம் மாசமே குப்புற விழுந்தான்னு கொழுக்கட்ட குடுத்துட்டா. தன்ஷிகாவுக்கு ஆறு மாசம் ஆகியும் சமீந்தாரு மாதிரி மல்லாக்கப் படுத்து பேனையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. பாண்டிச்செல்வி தெனமும் வந்து மோவாயில கைய வச்சுக்கிட்டு நிப்பா.

“என்ன மதினி, இன்னும் வானத்தயே பாத்துட்டுக் கெடக்கா? உள்ள எலும்பு வச்சிருக்கியா, இல்ல ரப்பரா?”

இதக் கேட்டுக் கேட்டுத்தான் முனீஸ்வரிக்கு வெறி பிடிச்சுச்சு. அந்த வெள்ளிக்கெழம காலையில மாவு பெசஞ்சா, பூரணம் கிண்டுனா, தூக்குவாளியில அடுக்குனா. “எம்பிள்ள குப்புற விழுந்துட்டா”ன்னு ஒரு பொய்ய மேல தேங்காப்பூ மாதிரித் தூவி, முப்பத்தாறு வீட்டுக்கும் குடுத்துட்டு வந்தா. கடேசிக் கொழுக்கட்ட கடேசித் தொண்டையில எறங்குச்சு. ஊரு சாப்பிட்டாச்சு. யாராவது ஒருத்தர் குப்புற விழுந்துதான ஆகணும்? பிள்ள விழுகல. அதே வயசுல பக்கத்துல வீடு ஒண்ணுதான் இருந்துச்சு, அது விழுந்துருச்சு.

மூணு நாளு அவுக தலகீழ் வீட்டுலதான் குடியிருந்தாக. பேனு தரையில சூரியகாந்திப் பூ மாதிரி நின்னுச்சு, அதச் சுத்தி உக்காந்து சாப்பிட்டாக. வெளக்கப் போடணும்னா எட்டிக் குதிச்சுத்தான் போடணும். பரண்மேல கெடந்த சாமான் எல்லாம் கைக்கு வாகா வந்துருச்சுன்னு இருளப்பனுக்கு ஒரே சந்தோசம். நாலாம் நாளு தெரு ஆம்பளைக எல்லாம் கடப்பாரையப் போட்டு, நெலத்துல குத்தி நின்ன மாடிக் கம்பியக் கடலச்செடி பிடுங்குற மாதிரிப் பிடுங்கி, “ஏலேலோ”ன்னு நிமித்தி வச்சாங்க. கொத்தனாரு சீனிச்சாமி செவத்தத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு.

“ஒண்ணும் பயமில்ல தாயி. புது வீடுன்னா அப்பிடித்தான். ஆறாம் மாசம் கொஞ்சம் பெரளும்.”

“இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கூட்டம்?”னா பாண்டிச்செல்வி. “எங்க வீட்டுக் கிரைண்டரு போன மாசம் வாசப்படியே தாண்டிப் போயிருச்சு. நான் என்ன ஒப்பாரியா வச்சேன்? தூக்கியாந்து கட்டிப் போட்டேன்.”

அந்தத் தெருவுல அதெல்லாம் சகசம். சீனிச்சாமி வீட்டு வெள்ளாடு மனுசன் மாதிரி செவத்துல சாஞ்சு கால நீட்டித்தான் உக்காரும். கேட்டா “அது சாதி ஆடு”ம்பாரு. யாரும் மறுகேள்வி கேக்குறதில்ல.

எட்டாம் மாசம் பணியாரம். ஒரு தடவ நடந்தது ஏதோ தற்செயலுன்னு முனீஸ்வரி மனசத் தேத்தி வச்சிருந்தா. அதோட குப்புற விழுந்த பிள்ள உக்காரலன்னா தெரு விடுமா? “உக்காந்துட்டாளா, உக்காந்துட்டாளா”ன்னு கொழாயடியில கேக்க, “ஓ, காலையிலயே உக்காந்துட்டா”ன்னு வாய் சொல்லிருச்சு. பெறகு கை பணியாரம் ஊத்தாம இருக்க முடியுமா? ஊத்துனா. தெரு தின்னுச்சு. சாயங்காலம் வீடு பின்பக்கத்தத் தரையில பதிச்சு, முன்பக்கத்த நிமித்தி, சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. உள்ள இருந்த கட்டிலு, பீரோ, மாவு டப்பா, இருளப்பன் எல்லாம் உருண்டு போயி பின்செவத்துல ஒட்டிக்கிச்சு.

அன்னையில இருந்து வீடு தெருவுக்குச் செல்லப் பிள்ளையாயிருச்சு. போறவுக வாறவுக எல்லாம் முன்செவத்தக் கிள்ளி முத்தம் குடுப்பாக. கண்ணு பட்டுரும்னு சன்னலுக்கு மேல ஒரு சட்டி அகலத்துக்கு மையில பொட்டு வச்சாக. பல்லு மொளைக்கிற நமைச்சல்ல அது வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பெல்லாம் கதவால கடிச்சுச்சு. கரண்டு மீட்டரு பாக்க வந்தவரோட நோட்டயும் கடிச்சுச்சு, அவரு “பரவால்ல, பல்லுதான”ன்னு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. ஒரு சனமும் உள்ள வந்து தன்ஷிகா எங்கன்னு கேக்கல. அவ சாஞ்ச தரையில, பாய்க்கு அடியில செங்கல் அண்டக் குடுத்து, மல்லாக்கப் படுத்து சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா.

அங்கன்வாடி ஜெசிந்தா டீச்சரு ஒருத்திதான் மாசாமாசம் வந்து பிள்ளையத் தூக்கி எடை போட்டு அட்டையில புள்ளி வைக்கும். முனீஸ்வரி அதுகிட்ட மட்டும் மெதுவாக் கேட்டா.

“டீச்சர், இவ எலும்பு சத்து எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சோ?”

“கூறு இருக்கா ஒனக்கு? பொறக்குறப்ப பிள்ளைக்கு முந்நூறு எலும்பு இருக்கும் முனீசு, நெறைய குருத்தெலும்பு. மொழங்கால் சில்லே இன்னும் எலும்பா ஆகல. அதது அதது காலத்துல கெட்டிப்படும். பெரியாளாகுறப்ப எல்லாம் சேந்து இருநூத்தாறுதான் நிக்கும்.”

“மிச்சம் எங்க போகும்?”ன்னு கேட்டாரு இருளப்பன்.

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்.”

“கட்டுக்கம்பி இல்லாமலா?”

“நீங்க கொஞ்சம் வெளிய போங்கண்ணே. முனீசு, கேப்பக் கூழு குடு, காலையில வெயில்ல காட்டு. ஒரு பிள்ள பத்து மாசத்துல நடக்கும், ஒரு பிள்ள பதினேழு மாசத்துல நடக்கும். ரெண்டும் கடேசில பஸ்ஸுக்கு ஒண்ணாத்தான் ஓடப் போகுது. பதினெட்டு தாண்டுனாச் சொல்லு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

இருளப்பன் வெளிய போயி யோசிச்சுட்டு, தலைய மட்டும் உள்ள நீட்டி, “பிள்ள காலுலயும் ஈரச்சாக்கச் சுத்தி காலையில சாயங்காலம் தண்ணி ஊத்திப் பாப்பமா?”ன்னு கேட்டு, டீச்சர் கையால எடைக்கல்லால அடி வாங்கப் பாத்தாரு.

சத்தியமா முனீஸ்வரி அதோட நிறுத்தியிருப்பா. ஆனா பத்தாம் மாசம் பாண்டிச்செல்வி சுண்டலத் தூக்கிட்டு வந்தா. “எம்பையன் தவுந்து தவுந்து தரையத் தேச்சுட்டான் மதினி. ஒம்பிள்ளைய நீ அலமாரியில வச்சிறலாம், எங்கயும் போகாது.” முனீஸ்வரி அந்தச் சுண்டல அவ கண்ணு முன்னாலயே கோழிக்குப் போட்டா, மறுநாளு அதவிடப் பெரிய சட்டியில சுண்டலு அவிச்சா. கோவத்துல அவிச்ச சுண்டலு நல்லா வெந்துருந்துச்சு, தெரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. ரெண்டாந்தரம் தின்னதாலதான் வீடு அந்தப் பாய்ச்சலு பாஞ்சுச்சுன்னு பின்னால சொல்லிக்கிட்டாங்க. பில்லர் நாலயும் மண்ணுல இருந்து உருவி, பதினாலாம் நம்பர்ல இருந்து கெளம்பி, பதினஞ்சத் தாண்டி, பதினாறுல ஒரு மண்ண வாயில போட்டுத் துப்பி, தவுந்துக்கிட்டே போயி நாலுவழிச் சாலைக்கு எறங்குற மேட்டுல நின்னுச்சு.

தெரு அதுக்கும் பழகிக்கிச்சு. காயிதம் கொண்டாறவரு “வீடு இன்னைக்கு எந்தப் பக்கம்?”னு கொழாயடியில கேட்டுக்கிட்டுப் போவாரு. கரண்டு வயர பம்பரக்கயிறு மாதிரிச் சுத்தி வச்சு, போகப் போக விட்டுக் குடுத்தாங்க. நகராட்சியில இருந்து அளக்க வந்த ஆளு டேப்ப ஒரு முனையில பிடிச்சுக்கிட்டு அது பின்னாலயே தவுந்து தவுந்து அலுத்துப் போயி, “பெரிசானதும் ஒரு எடத்துல உக்காரும்ல, அப்ப வாறேன்”னு போயிட்டாரு. பில்லரு நுனியில கம்பி மாசத்துக்கு ஒரு சாணு வளந்துச்சு. இருளப்பன் அதுக்குச் சாக்கச் சுத்தித் தண்ணி ஊத்துவாரு. ஊத்த ஊத்தக் கெட்டிப்பட்டு, பதினாறாம் மாசம் ஒரு நாளு, வீடு கரண்டுக் கம்பத்தப் பிடிச்சு, ஆடி ஆடி எந்திருச்சு நின்னுருச்சு. பில்லரெல்லாம் கவட்ட மாதிரி வளஞ்சு இருந்துச்சு. “வளகாலுதான், நடக்க நடக்க நேராயிரும்”னு ஜெசிந்தா டீச்சரு வழியில போறபோக்குல சொல்லிட்டுப் போச்சு. வாசப்படி தரைக்கு ஒரு மொழம் மேல அந்தரத்துல தொங்குச்சு. முனீஸ்வரி முக்காலி போட்டு ஏறுனா.

நின்ன வீடு எதப் பாத்து நின்னுச்சுன்னா, நாலுவழிச் சாலையப் பாத்து நின்னுச்சு. அங்க லாரி போற வேகத்துக்கு ஒரு எட்டு, ரெண்டாவது எட்டு, மூணாவது எட்டுல வீடு சல்லி சல்லி. அதவிட முனீஸ்வரி பயந்தது வேற ஒண்ணுக்கு. குப்புற விழுகுறது, உக்காருறது, தவுழுறது, மூணும் எம்பிள்ளைக்கு எழுதுனது, மூணயும் பொய் சொல்லி வீட்டுக்கு வாங்கிக் குடுத்துட்டேன். மிச்சம் இருக்குறது நடை ஒண்ணுதான். அதயும் வீடு வாங்கிக்கிச்சுன்னா எம்பிள்ளைக்கு என்ன இருக்கு? அதுனால அவ அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடவே மாட்டேன்னு இருந்தா.

ஆனா தெரு விடுமா? வீடு நடக்குறதப் பாக்கணும்னு அதுகளுக்கு நாக்குலயும் கண்ணுலயும் எச்சி ஊறிருச்சு. ஒரு ஞாயித்துக்கெழம காலையில பாண்டிச்செல்வி தலைமையில பொம்பளைக எல்லாம் வெல்லமும் மாவும் எண்ணச்சட்டியுமா வந்து, வீட்டு முன்னாலயே அடுப்பக் கூட்டி, “நீ ஒண்ணும் செய்ய வேணாம் மதினி, ஒம்பிள்ள எட்டு வச்சிருச்சுன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லு”ன்னு அதிரசம் சுட்டு, பெரிய தூக்குல அடுக்கி, அந்தரத்துல தொங்குன வாசப்படியில வச்சுட்டாளுக.

முனீஸ்வரி இடுப்புல பிள்ளையோட எறங்கி வந்து குறுக்க நின்னா.

“ஒருத்தரும் தொடாதீக. எம்பிள்ள நடக்கல.”

“நாளைக்கு நடக்கப் போறா. அதுக்கென்ன?”

“அவ குப்புறயே விழுகல! உக்காரல, தவுழல. ஒண்ணும் செய்யல. நான் பொய் சொல்லித்தான் ஒங்களுக்கெல்லாம் போட்டேன். நீங்க தின்னதுக்குத்தான் வீடு பெரண்டுச்சு.”

பாண்டிச்செல்வி கரண்டியக் கீழ வச்சா. மூஞ்சி சுண்டிப் போச்சு.

“மதினி… லோகித்து வாசப்படி தாண்டிட்டான்னு நான் படிக்குப் பாயாசம் குடுத்தேன்ல?”

“ஆமா.”

“அவன் தாண்டல. நாந்தான் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன்.”

எல்லாரும் திரும்பி, அவ வீட்டு வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டிக் கெடந்த கிரைண்டரப் பாத்தாங்க.

சீனிச்சாமி தொண்டையச் செருமுனாரு. “எம்பேத்திக்கு உக்காந்த பணியாரம் போட்டமுல்ல… தலகாணிய முட்டுக் குடுத்துத்தான் உக்கார வச்சிருந்தோம்.” செவத்துல சாஞ்சு கால நீட்டி உக்காந்துருந்த வெள்ளாடு அவர ஒரு மாதிரியாப் பாத்துச்சு. பெறகு ஒவ்வொருத்தியா உண்மைய அவுத்து விட்டாளுக. ஒருத்தி வீட்டு அம்மிக்கு ஏன் பல்லு மொளச்சுச்சு, ஒருத்தி வீட்டு சைக்கிளு ஏன் “அம்மா”ன்னு கூப்பிடுது, எல்லாம் அன்னைக்குத்தான் தெருவுக்கு வெளங்குச்சு. அழுதாளுக, சிரிச்சாளுக, ஒருத்தி தோள்ல ஒருத்தி அடிச்சுக்கிட்டாளுக. அம்புட்டு லேசா முனீஸ்வரி மனசு ஒரு வருசமா இருந்ததில்ல. அவளும் சிரிச்சுக்கிட்டே திரும்புனா, இருளப்பன் மீசையில எண்ண மினுங்குச்சு.

“என்னங்க அது வாயில?”

“ஒண்ணுமில்ல.”

“வாயத் தொறங்க.”

“பாதிதான் புள்ள தின்னேன். நீங்கபாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தீக, ஆறிப் போகுமேன்னு…”

தலைக்கு மேல மடக்குனு ஒரு சத்தம். வீடு கரண்டுக் கம்பத்த விட்டுருச்சு.

முனீஸ்வரி பிள்ளைய அங்கனயே விரிச்சுக் கெடந்த சாக்குல போட்டுட்டு, ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு சாலைப் பக்கம் ஓடி நின்னா, என்னமோ வீட்ட மார்ல தாங்கிருவா மாதிரி. வீடு வலது பில்லரத் தூக்குச்சு. தூக்குன பில்லரு அந்தரத்துல கெடந்து ஆடுது. அதுக்கு நேர் கீழ சாக்கு, சாக்குல தன்ஷிகா.

தன்ஷிகா மல்லாக்கக் கெடந்து வீட்டப் பாத்தா. வீடு ரெண்டு சன்னலாலயும் தன்ஷிகாவப் பாத்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுக, ஒரே கூரையில வளந்ததுக, என்ன பேசிக்கிச்சுகன்னு யாருக்குத் தெரியும். அதிரச வாசம் மூக்குல ஏறுச்சோ என்னமோ, பிள்ள ஒருக்களிச்சா. ஒரு முக்கு முக்கிக் குப்புற விழுந்தா. விழுந்தவ கையூனி எந்திருச்சு உக்காந்தா. உக்காந்தவ ஒரு மூச்சு வாங்கிட்டு, தவுந்து போயி, தொங்குன வாசப்படிய ரெண்டு கையாலயும் பிடிச்சு நின்னா. பத்து மாசத்துல பிரிச்சுப் பிரிச்சுச் செய்ய வேண்டியத ஒரு அதிரசம் ஆறுற நேரத்துல முடிச்சுட்டு, தூக்குவாளிக்கு எட்டிக் கைய நீட்டுனா.

தூக்குன பில்லர வீடு கீழ வச்சுச்சு. முன்னால வைக்கல. பின்னால வச்சுச்சு.

படி கைக்கு எட்டாம ஒரு சாணு தள்ளிப் போச்சு. தன்ஷிகா பிடிமானம் இல்லாம ஆடுனா. கால அகட்டி, வயித்த முன்னால தள்ளி, ஒரு எட்டு வச்சா. வீடு இன்னொரு எட்டு பின்னால போச்சு. நம்ம பிள்ளைக்கு நட பழக்குறப்ப கைய நீட்டி “வா, வா”ன்னுட்டு நாம பின்னால பின்னாலயே போவமே, அதே மாதிரி. அவ ஒரு எட்டு, அது ஒரு எட்டு. வளகாலுப் பிள்ளைக ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு, மேட்ட விட்டு எறங்கி, பதினாறத் தாண்டி, பதினஞ்சத் தாண்டி, தெரு மொத்தமும் மூச்ச அடக்கிக்கிட்டுப் பின்னாலயே வர, முனீஸ்வரி ரெண்டு கையயும் பிள்ளையோட முதுகுக்கு ஒரு விரக்கட பின்னால வச்சுக்கிட்டு, தொடாம, தொடாம, கண்ணு முழுக்கத் தண்ணியோட, குனிஞ்சுக்கிட்டே நடந்து வந்தா.

பாதி அதிரசத்துக்கு நடை பின்னாலதான் வரும்னு கொத்தனாரு சொல்றாரு. அந்த வீட்டுக்கு முன்பக்கத்த விடப் பின்பக்கந்தான் கனம், அதான்னு இருளப்பன் சொல்றாரு. ஜெசிந்தா டீச்சரு அட்டையில ஒரு புள்ளிய அழுத்தி வச்சுச்சு.

பதினாலாம் நம்பர் பிளாட்டு வந்ததும் வீடு பழைய குழியில பில்லர எறக்கி, அலுத்துப் போன மாதிரி உக்காந்துச்சு. வாசப்படி தரையத் தொட்டுச்சு. தன்ஷிகா அதுமேல போயி பொத்துனு விழுந்து, தூக்குல கைய விட்டு, ரெண்டு கையிலயும் ரெண்டு அதிரசத்த எடுத்து, ஒண்ணத் தின்னா. இன்னொண்ண வாசக்கதவுக்கு நேரா நீட்டுனா. கதவு ஒரு கடி கடிச்சுச்சு.

பெறகுதான் தெரு சாப்பிட்டுச்சு. அந்த வருசத்துலயே உண்மைக்குத் தின்ன பலகாரம் அது ஒண்ணுதான். பாண்டிச்செல்விக்கு மட்டும் தின்னுக்கிட்டும் வாய் ஓயல. வெரல்ல ஒட்டுன வெல்லத்த நக்கிக்கிட்டே கேட்டா.

“ஏன் மதினி, பிள்ள ஓடுனா என்ன பலகாரம் போடணும்?”

முனீஸ்வரி பாஞ்சு போயி அவ வாயப் பொத்துனா. ரெண்டு பேரும் மெதுவாத் திரும்பிப் பாத்தாங்க. வீட்டுச் சன்னலு ரெண்டும் நல்லா அகலத் தொறந்து இருந்துச்சு.